நன்றி நவிலல் பக்கம்

நாடு விட்டு வந்து இருக்கிற இந்த நோர்பரியில எங்கட ஆக்கள் ஆரும் செத்தால் முதல் ஐயருக்குச் சொல்லுவினம், பிறகு எனக்குச் சொல்லுவினம். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டோட சனத்துக்குக் குடுக்கிற நினைவுப் புத்தகம், அதுதான் கல்வெட்டு, எழுதிறது நான். குகதாசன் கை வைச்சால் எந்தக் கஞ்சனும் வள்ளல், எந்தச் சண்டைக்காரியும் சாந்தசொரூபி. சூடு பட்டுச் செத்தவைக்கெண்டு ஒரு வரி வைச்சிருக்கிறன்: ‘நாட்டுச் சூழ்நிலை காரணமாக அகாலமரணமடைந்தார்.’ ஆர் சுட்டது எண்டு பிறகு ஒருத்தரும் கேளாயினம்.

போன மாசம் வசந்தமலர் அக்கா கண்ணை மூடினா. நான் வழக்கம்போல எழுதி, புருசன் தேவராசாவுக்கு அந்த வரியையும் போட்டு, மகள் துஷ்யாவிட்டக் குடுத்தன். என்ர மேசையில இருந்து வாசிச்சவள், நன்றி நவிலல்ல ஒராளை விட்டிட்டியள் எண்டாள். அப்பாவின்ர விசாரணையில எழும்பிக் கதைச்ச ஒரே மனிசன் குகதாசன், அவரின்ர பேர் கட்டாயம் வரோணும் எண்டு அம்மா சாக முதல் சொன்னவவாம்.

அந்தக் குகதாசன் நான்தான்.

அப்ப எங்கட ஊரில துவக்குத் தூக்கின இயக்கப் பெடியள் வைச்சதுதான் சட்டம். தேவராசா அண்ணை சங்கக்கடை மனேச்சர், சிங்களம் நல்லாத் தெரியும். சுற்றிவளைப்பில அரசாங்கத்தின்ர ஆமி என்ர தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போக, நான் அவரிட்டக் காலில விழாத குறையாக் கெஞ்சினன். மூண்டு தரம் ஆமிக் காம்புக்குப் போய்க் கதைச்சு, தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து தந்தார். அடுத்த கிழமை இயக்கம் அவரைக் கொண்டுபோச்சு. ஆமிக்கு ஆள்காட்டினவராம், துரோகியாம்.

பள்ளிக்கூட வகுப்பறையிலதான் விசாரணை. மூண்டு பேர் இருந்தாங்கள், மேசையில துவக்கு. அவருக்காக வாதாட அப்புக்காத்தும் இல்லை, அப்பீலும் இல்லை. என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, இவர் காம்புக்குப் போனதைக் கண்டனீரோ எண்டு கேட்டாங்கள். ஓம், மூண்டு தரம் எண்டன். ஏன் போனவர் எண்டு அவங்கள் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. சொன்னால் தம்பியையும் தூக்குவாங்கள் எண்டு மனதைத் தேற்றிக்கொண்டன். பொய். என்ர உயிருக்குத்தான் பயந்தனான். தேவராசா அண்ணை என்னை ஒருக்காப் பாத்தார், அவரும் தம்பியின்ர பேரை எடுக்கேல்லை. அடுத்த நாள் விடியச் சுட்டிட்டாங்கள்.

நான் சாட்சி சொன்னது வெளியில தெரியும், என்ன சொன்னன் எண்டு தெரியாது. என்ர தம்பிக்காகப் போன மனிசனுக்கு நான் எதிராக் கதைப்பன் எண்டு அக்கா கனவிலயும் நினைக்கேல்லை. விம்பிள்டன் கோயிலில கண்டால் பக்கத்தில நிக்கிற ஆக்களுக்கு என்னைக் காட்டி, எங்களுக்காகக் கதைச்சவர் இவர்தான் எண்டுவா. தம்பியும் அப்பிடித்தான் நம்பியிருந்தான். வெட்கங்கெட்ட நான் தலையை ஆட்டிக்கொண்டு, அவ தந்த வடையையும் வாங்கித் திண்டன்.

இப்ப எனக்கு நானே நன்றி எழுதோணும். பேனை ஓடேல்லை.

“பிள்ளை, நான் கதைச்சனான்தான். உங்கட அப்பாவுக்காக இல்லை” எண்டு தொடங்கி, ஒண்டும் ஒளிக்காமல் எல்லாத்தையும் சொன்னன்.

துஷ்யா ஏசேல்லை. ஏசியிருந்தால் புண்ணியமாப் போயிருக்கும். கேட்டது ஒண்டுதான்.

“‘என்ர தம்பிக்காகப் போனவர்.’ அவ்வளவுதானே, மாமா. அதைச் சொல்ல ஏலாமல் போச்சோ?”

“ஏலாமல் போச்சு” எண்டன்.

நாட்டுச் சூழ்நிலை வரியை வெட்டிப்போட்டுத் தாளை என்ர பக்கம் தள்ளினாள்.

“சொன்னதையும் எழுதுங்கோ, சொல்லாததையும் எழுதுங்கோ. கீழ உங்கட பேரைப் போடுங்கோ.”

முப்பத்தெட்டு வருசம் பிந்தி, சொல்லாமல் விட்ட அந்த வசனத்தையும் எழுதினன். மூண்டே மூண்டு சொல்லு.

முப்பத்தோராம் நாள் மண்டபத்தில இருநூறு சனம், ஆளுக்கொரு புத்தகம். தம்பி தான் இருக்கிற ஃபாரஸ்ட் கேட்டில இருந்து வந்து எனக்குப் பக்கத்தில இருந்து புரட்டினான். முதலே அவனுக்குச் சொல்லியிருக்கலாம். அதுக்கும் எனக்குத் துணிவு வரேல்லை. நன்றி நவிலல் பக்கத்தில அவன்ர கை நிண்டிட்டுது. நான் சாப்பாட்டுத் தட்டைப் பாத்துக்கொண்டிருந்தன். அவன் எழும்பிப் போய் தேவராசா அண்ணையின்ர படத்துக்கு முன்னால நிண்டான். பிறகு துஷ்யாவின்ர மேசையில போய் இருந்தான். என்ர மேசைக்குத் திரும்பி வரேல்லை.