பின் சக்கரத்து அம்புக்குறி

தர்மலிங்கத்துக்கு வீம்பு கொஞ்சநஞ்சம் இல்லை. பாடாங் செராயில் அவர் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் ஜெயகுமாரின் மோட்டார் சைக்கிள் கடை இருக்கிறது. டயர் மாற்றுவதற்கென்றே மெஷின் வைத்திருக்கிறான். ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் வேலையை முடித்துச் சாவியைக் கையில் கொடுத்துவிடுவான். இவர் போகமாட்டார். "கையக் கட்டிக்கிட்டு வேடிக்க பாக்குறதுக்கா ஆண்டவன் எனக்கு ரெண்டு கை குடுத்தான்?" என்பார். கல்யாணம் கட்டிய காலத்திலிருந்து அவர் மோட்டாரின் டயரை வேற்று ஆள் தொட்டதில்லை. ஒன்று அவர் தொடுவார், இல்லாவிட்டால் அவர் பெண்டாட்டி பிரேமாவதி தொடுவாள்.

அந்தப் பிரேமாவதிதான் இப்போது வீட்டில் இல்லை.

மகள் சுபாஷினி நாட்டின் தென்கோடியில், ஜொகூரில் இருக்கிறாள். பொழுது விடியுமுன் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள். அவளுக்குப் பிள்ளை பிறந்தபோது பார்த்துக்கொள்ளப் போனாள் பிரேமாவதி. "மூணு மாசம்தாங்க, கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ஓடிரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பேரன் இப்போது நடக்கிறான், ஓடுகிறான், போனுக்குள் வந்து "தாத்தா" என்று காது கிழியக் கத்துகிறான். போனவள்தான் வந்தபாடில்லை.

ஏன் வரவில்லை என்பதற்குத் தர்மலிங்கம் ஒரு காரணம் வைத்திருந்தார். அதைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஊருக்குப் போன அன்று அவளைச் சுங்கை பட்டாணி பஸ் ஸ்டேசனுக்கு மோட்டாரில்தான் ஏற்றிப்போனார். வழி நெடுக பின் சக்கரம் ஆடியது. இறங்கியவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "என்ன மோட்டாருங்க இது, பேய் புடிச்ச மாதிரி ஆடுது! சத்தியமா இனிமே இதுல நான் ஏறமாட்டேன்" என்றாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. முகத்துக்கு நேராக அவள் கடைசியாகப் பேசிய பேச்சு அதுதான். சக்கரம் ஆடுகிறது என்று எந்தப் பெண்ணாவது வீட்டுக்கு வராமல் இருப்பாளா? இருக்கமாட்டாள். ஆனால் டிவியைத் தவிர வீட்டில் வேறு குரல் இல்லாதபோது மனுசனுக்கு எதைத்தான் நம்பத் தோன்றாது?

தினமும் சாயங்காலம் அவள்தான் போன் அடிப்பாள். "சாப்பிட்டியா?" என்பார். "சாப்பிட்டேன், நீங்க?" என்பாள். "ம்" என்பார். பிறகு பேரன் போனைப் பிடுங்கிக்கொள்வான். 'வந்துடு' என்ற ஒற்றை வார்த்தை தொண்டை வரை வரும், திரும்பிப் போய்விடும். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? அதுதான் சொன்னேனே, வீம்பு. வழி தெரியாதவளா, வர நினைத்தால் பஸ் ஏறி வந்துவிட்டுப் போகிறாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வார்.

நேற்று மட்டும் சுவரைப் பார்த்துச் சொல்வதுபோல, "அம்மன் கோயில் திருவிழா வருது" என்றார். "பாப்போங்க" என்றாள் அவள். அந்த ஒரு 'பாப்போம்' போதாதா! காலையில் புது டயரும் கையுமாக வாசலில் உட்கார்ந்துவிட்டார். வருகிறவளை ஆடாத மோட்டாரில் ஏற்றி வர வேண்டும். ஏறிவிட்டாள் என்றால் அப்புறம் போகமாட்டாள்.

சக்கரத்தைக் கழற்றுவது லேசு. சங்கிலியைத் தள்ளி, அச்சை உருவினால் கையோடு வந்துவிடும். காற்றைப் பிடுங்கிவிட்டு டயரின் விளிம்பில் லீவரைக் கொடுத்து நெம்பும்போதுதான் இரண்டாவது ஆள் வேண்டும். இந்தப் பக்கம் நெம்பினால் அந்தப் பக்கம் ஏறிக்கொள்ளும். அந்தப் பக்கத்தில் பிரேமாவதி இரண்டு காலையும் வைத்து ஏறி நிற்பாள். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, விழாமல் இருக்க அவர் தலையைப் பிடித்துக்கொள்வாள். இப்போது அந்த இடத்தில் அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தார். நெம்பினார். மூட்டை சரிந்து அவர் கால்மேல் விழுந்தது. "சனியனே" என்று மூட்டையைத் திட்டினார்.

பக்கத்து வீட்டு நவமணி துணி காயப் போட வந்தவள் எட்டிப் பார்த்தாள். "அண்ணே, நான் வந்து புடிக்கவா?"

"வேணாம்மா."

"பேசாம ஜெயகுமாருகிட்ட குடுத்துடுங்க லா. எதுக்கு ஒத்த ஆளா கெடந்து மல்லுக்கட்டுறீங்க?"

அவர் லீவரை மறுபடி எடுத்தார். ஒத்த ஆளா என்று அவள் சொன்னதுதான் சுருக்கென்று குத்தியது. நவமணி காலி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எப்படியோ பழைய டயர் வந்துவிட்டது. புதிதைப் போடுமுன் டியூபுக்குப் பவுடர் தடவ வேண்டும். தடவினால்தான் உள்ளே ஒட்டாமல், மடங்காமல் உட்காரும். அதற்கும் அவள் முகத்துக்குப் போடும் பவுடரைத்தான் எடுப்பார், "என் பவுடர்தான் கெடச்சுதா?" என்று அவளும் கத்துவாள். டப்பா கண்ணாடிப் பலகையிலேயே இருந்தது. மூடியைத் திருகியதும் அந்த வாசனை குப்பென்று வந்தது. கோயிலுக்குப் புறப்படும்போது வீடு இப்படித்தான் மணக்கும். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாரும் இல்லாத வீட்டில் அழுவதற்குக்கூட வெட்கப்பட்டார் பாருங்கள், அப்படியொரு மனுசன்.

மூட்டையோடு போராடி டயரை ஏற்றிக் காற்றடித்தார். அடுத்தது, சக்கரம் ஆடாமல் இருக்க எடை பார்ப்பது. இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, அச்சின் இரு முனைகளையும் அவற்றில் தாங்க வைத்துச் சக்கரத்தை மெல்லச் சுற்றிவிட்டார். கனமான பக்கம் எப்போதும் கீழே வந்து நிற்கும். அதற்கு நேர் மேலே இருக்கும் கம்பியில் ஈயம் சுற்ற வேண்டும். தஞ்சோங் டாவாய்க்கு மீன் வாங்கப் போகும்போது வலைக்காரர்களிடம் வாங்கி வைத்த ஈயக்குண்டுகள் ஒரு டின்னில் கிடந்தன. அவள் நெத்திலிக்குப் பேரம் பேசிக்கொண்டிருப்பாள், இவர் ஈயத்தைப் பொறுக்கிக்கொண்டிருப்பார். ஒன்றைத் தட்டையாக்கிக் கம்பியில் சுற்றினார். சக்கரத்தை மறுபடி சுற்றிவிட்டார். இன்னொன்று சேர்த்தார், கொஞ்சம் நறுக்கி எடுத்தார். கடைசியில் சக்கரம் எங்கே நிறுத்தினாலும் அங்கேயே நின்றது.

"பாத்தியா!" என்று பெருமையாகத் திரும்பினார். பின்னால் கதவுதான் இருந்தது.

சக்கரத்தை மாட்டி, சங்கிலியை ஏற்றி, மரையெல்லாம் இறுக்கிவிட்டு, துணியால் துடைத்துக்கொண்டே வந்தவர் கை அப்படியே நின்றது. டயரின் பக்கவாட்டில் ஓர் அம்புக்குறி இருக்கும். சக்கரம் எந்தத் திசையில் உருள வேண்டுமென்று காட்டுவது. அது பின்னோக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. டயரையே திசை மாற்றிப் போட்டிருந்தார்.

டயர்மேல் ஏறி நின்றதும் பிரேமாவதி தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அம்புக்குறி பாத்தீங்களா?" ஒவ்வொரு தடவையும் இவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "உன் வேலயப் பாருடி, எனக்குத் தெரியாதா?" என்று எரிந்து விழுவார். விழுந்துவிட்டு, அவளுக்குத் தெரியாமல் குனிந்து பார்ப்பார். எத்தனையோ தடவை தப்பாகத்தான் இருந்திருக்கிறது. சத்தம் காட்டாமல் திருப்பிப் போட்டிருக்கிறார். இதை இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை.

போனை எடுத்து அவரே அவளைக் கூப்பிட்டார்.

"என்னங்க! என்ன ஆச்சு? நெஞ்சு வலிக்குதா?" போன் திரையில் அவள் முகம் வெளிறிப் போயிருந்தது. அவராக ஒருநாளும் கூப்பிட்டதில்லையே, பாவம், பயப்படாமல் என்ன செய்வாள்?

"ஒண்ணும் இல்லடி. டயரு."

"டயரா?"

"திருப்பிப் போட்டுட்டேன்."

"அம்புக்குறி பாக்கலையா?"

"பாக்கல."

"யாரு ஏறி நின்னா?"

"அரிசி மூட்ட."

அவள் சிரித்தாள். என்னமாய்ச் சிரித்தாள்! ஒன்றும் புரியாமல் பேரனும் சேர்ந்து சிரித்தான். பாதிச் சிரிப்பில் அவள் நிறுத்திவிட்டாள். "சரி, மறுபடியும் கழட்டுங்க. போன எங்கயாச்சும் சாச்சு வைங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

போனை வாசலில் கிடந்த வாளியில் சாய்த்து வைத்துவிட்டுக் கழற்றினார். அவள் அங்கே பேரனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே, "மூட்டய இன்னும் தள்ளி வைங்க" என்றாள். டயரைத் திருப்பியதும், "காட்டுங்க, கிட்டக் காட்டுங்க... ஆ, இப்ப சரி" என்றாள். தலை குனிந்து நெம்பும்போது பேசுவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

"டயரு புதுசு, பிரேமா. எடயும் பாத்துடுறேன். இனிமே ஆடாது. திருவிழாவுக்கு வந்துடேன். பஸ் ஸ்டேசனுக்கு நான் வரேன்."

அங்கே கரண்டிச் சத்தம் நின்றது. "மோட்டாரு ஆடுறதுனாலதான் நான் வரலன்னு நெனச்சீங்களா?"

"நீதான சத்தியம் பண்ண."

"ஐயோ, என்ன மனுசன்ங்க நீங்க! நீங்க வந்து கூப்பிடுவீங்கன்னுல்ல நான் பாத்துக்கிட்டு இருந்தேன். எங்கம்மா எங்க அக்கா வீட்டுக்குப் போனா, எங்கப்பா தோட்டத்துல லீவு சொல்லிட்டு வந்து கூட்டிட்டுப் போவாரு. கூப்பிட ஆளு வராம நானா பையத் தூக்கிக்கிட்டுக் கெளம்புனா மாப்பிள்ள என்ன நெனப்பாரு? கோவிச்சுக்கிட்டுப் போறாங்கன்னு நெனக்கமாட்டாரா? தீவாளிக்கு வருவீங்கன்னு துணியெல்லாம் மடிச்சுக் கட்டி வச்சிருந்தேன்."

லீவர் கையிலிருந்து நழுவியது. மகள் வீட்டுக்குப் போனவளைப் புருஷன் போய் அழைத்து வருவதுதான் முறை. இது அவருக்குத் தெரியாததா? சுபாஷினி பிறந்தபோது மாமியார் வீட்டுக்குப் பழத்தட்டோடு போய் இவளை அழைத்து வந்தவர் அவர்தானே.

"நாளைக்கே பஸ் ஏறுறேன். வந்து கூட்டிட்டு வரேன்."

அவள் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "இல்லங்க. சுபாவுக்கு மறுபடியும் நின்னிருக்கு. காலையிலதான் சொன்னா. ஒரே வாந்தி. இந்தப் பயல வச்சுக்கிட்டு அவ என்ன பண்ணுவா? எப்படிங்க விட்டுட்டு வருவேன்?" கொஞ்சம் பொறுத்து, "நீங்க இங்க வந்துடுங்களேன்" என்றாள்.

"அந்த மாடி வீட்டுல மோட்டார எங்கடி வைக்கிறது?" என்றார். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஆமா, உங்களுக்கு மோட்டாருதான்" என்றாள் அவள். கோபமில்லை, அலுப்புதான். பேரன் கஞ்சியைத் தட்டிவிட்டான். "அப்புறம் கூப்பிடுறேங்க. கால்ல எதையும் போட்டுக்காதீங்க" என்று போய்விட்டாள்.

மறுபடி ஈயம் சுற்றி, எடை பார்த்து, மாட்டி முடிக்க மத்தியானம் தாண்டிவிட்டது. மழை வருமுன் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலையில் வேகத்தைக் கூட்டினார். கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுத்துக்கூடப் பார்த்தார். துளி ஆட்டம் இல்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு நேர்த்தியாக அவர் ஒரு டயரும் மாற்றியதில்லை. பின்னால் ஓர் ஆளுக்கு இடம் விட்டு முன்னால் ஒடுங்கி உட்கார்ந்திருப்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. தள்ளி உட்கார மனம் வரவில்லை.

போன் அடித்தது. சாலையோரம் நிறுத்தி எடுத்தார்.

"ஓட்டிப் பாத்தீங்களா? இன்னும் ஆடுதா?"

மோட்டாரைப் பார்த்தார். வாழ்க்கையில் யாரையும் தன் வேலையைக் குறை சொல்ல விட்டதில்லை அவர்.

"ஆடுதுடி" என்றார். "ரொம்ப ஆடுது. நீ இல்லாம சரியா வரல."

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அப்ப ஜெயகுமார் கடையிலயாச்சும் குடுங்களேன்."

"குடுக்கமாட்டேன்" என்றார் தர்மலிங்கம். "நீ வர வரைக்கும் ஆடட்டும்."