வீரபாண்டி போனுக்குப் போன ஓடிபி

"ஓடிபி வரலையே குமாரு" என்றார் மதினி. போனைக் கவிழ்த்துப் பின்பக்கமும் பார்த்தார், அந்த வழியாக வந்திருக்குமோ என்ற சந்தேகத்தில்.

"சர்வர் பிஸியா இருக்கும் மதினி" என்றேன். கணினி அறிவியல் படிக்கிறவன் காரணம் தெரியாதபோது சொல்ல வேண்டிய வாக்கியம் இது. எங்கள் கல்லூரியில் முதலாம் ஆண்டிலேயே கற்றுத்தருகிறார்கள்.

பாளையம்பட்டியில் தனுஷ்கோடி அண்ணாச்சியின் ஆன்லைன் சேவைக் கடை அது. கல்லூரி நேரம் போக மீதி நேரத்தில் அங்கே பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்புவது என் வேலை. முன்னால் காகிதங்களை வாங்கி உள்ளே தள்ளுவது அண்ணாச்சி வேலை. அன்றைக்கு அவர் மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. அரசு ஆஸ்பத்திரி லேப் டெக்னீசியன் வேலைக்கு ஐந்து மணியோடு விண்ணப்பம் மூடிவிடும். இதை விட்டால் அடுத்த அறிவிப்பு வருவதற்குள் யுவராணி மதினிக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் லேப்பில், என் அண்ணனோடு கல்யாணமாவதற்கு முன்பிருந்தே ஊரார் ரத்தத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் ரத்தத்தை முதலாளி எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அந்தக் கடைக்கு நான் கொண்டுவந்த புரட்சி ஒன்றே ஒன்று: பிரவுசரில் சேர்த்த ஒரு எக்ஸ்டென்ஷன். ஒருவருடைய பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரு அட்டையில் பதிந்து வைத்துவிட்டால், எந்த விண்ணப்பத்தைத் திறந்தாலும் ஒரே அமுக்கில் அத்தனை கட்டத்தையும் அதுவே நிரப்பிவிடும். பயிர்க் காப்பீட்டுச் சமயத்தில் வாசல் வரை நின்ற கூட்டம் மத்தியானத்துக்குள் கலைந்தது. "பய கம்ப்யூட்டரை உழவு மாடு மாதிரி பழக்கிட்டான்" என்று அண்ணாச்சி ஊரெல்லாம் சொன்னார்.

உழவு மாடு யார் ஓட்டினாலும் பழகின சாலிலேயேதான் போகும் என்பது எங்கள் இருவருக்கும் அப்போது தோன்றவில்லை.

புது ஆளுக்கு நான் புது அட்டை போடுவதில்லை. பழைய அட்டையை நகலெடுத்து, மாற்ற வேண்டியதை மாற்றிக்கொள்வேன். முந்தின நாள் வேலைக்கான இணையதளத்தில் மதினியைப் பதிவு செய்ததும் அப்படித்தான். இப்போது அந்த அட்டையைத் திறந்து பார்த்தேன். பெயர் சரி. முகவரி சரி. போன் நம்பர் மட்டும், திருச்சுழிப் பக்கம் மக்காச்சோளத்துக்குக் காப்பீடு போட்ட வீரபாண்டி என்பவருடையது.

விண்ணப்பத்தில் போன் நம்பரை இரண்டு தடவை கேட்பதே, ஒரு தடவை கை பிசகினால் மாட்டிக்கொள்வதற்காக. என் எக்ஸ்டென்ஷன் ஒரே தப்பை இரண்டு கட்டத்திலும் பிசகில்லாமல் நிரப்பியிருந்தது. இரண்டும் பொருந்துகின்றன என்று இணையதளம் பச்சை டிக் போட்டு வாழ்த்தியிருந்தது. பதிந்த நம்பரை மாற்ற முடியாது என்று கீழே சிவப்பில் இருந்தது. விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் ஓடிபி மொத்தம் மூன்று தடவைதான் அனுப்பப்படும் என்று அதற்கும் கீழே இருந்தது. இரண்டை ஏற்கெனவே செலவழித்திருந்தோம்.

மதினியிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"அந்த ஆளுக்குப் போனைப் போடு" என்றார்.

போட்டேன். "அண்ணே வணக்கம், வீரபாண்டி அண்ணனா? தப்பா ஒங்க நம்பருக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும். அதை மட்டும் கொஞ்சம் சொன்னீங்கன்னா…"

அந்தப் பக்கம் ஒரு மயில் அகவியது.

"ஏலே, ஒன் குரல் எனக்குத் தெரியும்டா."

"அண்ணே?"

"கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு எங்க ஊரு மேடையில ஆடுன திருட்டுப்பயதானே நீ?"

நான்தான். போன வருஷம் எங்கள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தில் அந்த ஊரில் முகாம் போட்டோம். இணைய மோசடி பற்றி ஒரு நாடகம். எழுதியது நான், திருடன் வேஷமும் நான். 'தப்பா ஒங்க நம்பருக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும்' என்பது என் முதல் வசனம். முடிவில் ஊரையே கையை உயர்த்தச் செய்து உறுதிமொழி வாங்கினோம்: தெரிந்தவன் குரலில் கேட்டாலும் சொல்ல மாட்டோம், அழுதாலும் சொல்ல மாட்டோம். நடிப்புக்காக எனக்கு ஒரு சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள்.

மதினி போனைப் பிடுங்கினார். "அண்ணே, நான் ஒரு பொம்பள பேசுறேன். இன்னைக்குத்தான் கடைசி நாளு…" குரல் உடைந்தது.

"அழுவீகன்னு அப்பவே சொன்னாகம்மா" என்று வீரபாண்டி துண்டித்துவிட்டார்.

மதுரைக்குப் போன் அடித்து, அண்ணாச்சியை அவரிடம் பேசச் சொன்னோம். ரெண்டு நிமிஷத்தில் அண்ணாச்சி திரும்பக் கூப்பிட்டார். "ஏலே, 'அண்ணாச்சி குரல்லயே பேசுறியே, நல்லாத் தேறிட்டடா'ங்கிறான். காப்பீடு போட்டுக் குடுத்ததுக்கு மரியாதை இல்லாமப் போச்சு. என்னடா செஞ்சு தொலைச்ச?"

பைக்கை எடுத்தேன்.

திருச்சுழி ரோட்டில் வெயில் சாயாமல் நின்றது. இருபுறமும் கருவேலம். எப்போதாவது ஒரு ரயில் போகிற தடத்தில், அன்றைக்கு எங்களுக்கென்று ஒன்று வந்து கேட்டை மூட வைத்தது. மதினியின் விரல்கள் என் தோளில் நரம்பு தேடிக்கொண்டிருந்தன.

"குமாரு."

"சொல்லுங்க மதினி."

"இது தவறிப்போச்சுன்னா நான் ஒன்னைய ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

"சரி மதினி."

"தெனமும் ஒனக்குச் சோறு மட்டும் போடுவேன்."

ரயில் போய்விட்டது. கேட்காரர் கேட்டைத் தூக்குவதற்குள் நான் அடியில் நுழைந்துவிட்டேன்.

டீக்கடையில் கேட்டு, வண்டித்தடத்தில் இறங்கினோம். மக்காச்சோளக் காட்டின் ஓரத்தில் கம்போடு நின்று மயில் விரட்டிக்கொண்டிருந்தவர்தான் வீரபாண்டி. என்னைப் பார்த்ததும் கம்பை மயிலிடமிருந்து எங்கள் பக்கம் திருப்பினார்.

"மூஞ்சியும் அதேதான். ஏண்டா, நேர்லயே வந்துட்டியா? நாடகத்துல இது இல்லையே."

மதினி லேப் அடையாள அட்டையை நீட்டினார்.

"ஐடி கார்டு காட்டுவான்னு இருந்துச்சு" என்றார் வீரபாண்டி. இருந்தது. இரண்டாவது காட்சி. அந்த அட்டையை நானே வெட்டி ஒட்டினேன்.

"அண்ணே, ஆதாரையாவது பாருங்கண்ணே. யுவராணின்னு போட்டிருக்கு பாருங்க" என்றார் மதினி.

கம்பு இறங்கியது.

"நீதானா அந்த யுவராணி?"

"என்னண்ணே?"

"நேத்துலருந்து 'அன்புள்ள யுவராணி, அன்புள்ள யுவராணி'ன்னு எம்போனுக்கு மெசேஜா வருது தாயி! 'யாரு அவ?'ன்னு கேட்டு எம்பொண்டாட்டி குருவம்மா ராத்திரி சோறு போடலை. காலையிலயும் போடலை. நீ வீட்டுக்கு வந்து 'நான் யாரோ, இவுக யாரோ'ன்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

"ஓடியாரேண்ணே. மொதல்ல நம்பரு…"

"நம்பரைச் சொல்ல மாட்டேன்." கை தானாக மேலே போயிற்று, உறுதிமொழி எடுத்த மாதிரியே.

மணி நாலரையைத் தாண்டியிருந்தது. மதினி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தன் போனை அவர் கையில் வைத்தார்.

"சொல்லவே வேண்டாம்ணே. ஒங்க மெசேஜை நீங்களே படிங்க. என்னோடதுதான்னு மனசுக்குப் பட்டா ஒங்க கையாலயே போட்டு விடுங்க."

வீரபாண்டி என்னைத் திரும்பிப் பார்த்தார், நாடக ஆசிரியரிடம் கேட்பது போல. "போடலாமா?"

"போடக் கூடாதுன்னு நாங்க சொல்லலைண்ணே" என்றேன். சொல்லியிருக்க வேண்டும். அடுத்த முகாமில் சொல்லிக்கொள்ளலாம்.

மோட்டார் ரூம் மேலே ஏறினால்தான் நெட் எடுக்கிற அளவுக்கு டவர் கிடைக்குமாம். மூன்று பேரும் ஏறினோம். மதினி தன் போனில் விண்ணப்பத்தைத் திறந்து, மூன்றாவது ஓடிபிக்கு அமுக்கினார். ஒன்றும் வரவில்லை. வீரபாண்டி தன் போனை மேலே தூக்கிப் பிடித்தார். நான் அவர் கையைத் தூக்கிப் பிடித்தேன். அப்புறம் 'டிங்' என்றது.

அவர் துண்டை எடுத்து இரண்டு போனையும் தன் தலையையும் சேர்த்து மூடிக்கொண்டார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "ஒண்ணு போட்டாச்சு… கிட்ட வராத தம்பி… ரெண்டாவது… ஏத்தா, இது மறைஞ்சு போச்சே!"

"ஸ்கிரீனைத் தட்டுங்கண்ணே!"

"கத்தாத. நம்பரு மாறிப்போயிரும்ல."

மதினி கண்ணை மூடிக்கொண்டு தன் முழங்கையின் உள்பக்கத்தை அமுக்கிப் பிடித்திருந்தார், ஊசி எடுத்தபின் பஞ்சு வைத்து அமுக்கச் சொல்வாரே, அப்படி.

துண்டு விலகியது. திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது: விண்ணப்பம் பெறப்பட்டது.

மதினி அப்படியே சுவரில் உட்கார்ந்துவிட்டார். கீழே மயில்கள் கவலையில்லாமல் சோளம் தின்றன.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது வீரபாண்டி கேட்டார்: "இனிமே இதுல ஒண்ணும் வராதுல்ல?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேர்வுத் தேதி, ஹால் டிக்கெட், முடிவு எல்லாம் இந்த நம்பருக்குத்தான் வரும். மாற்ற முடியாது.

அதையும் சொன்னேன். வீரபாண்டி தன் போனைத் துண்டால் துடைத்து மடியில் செருகினார்.

"வந்தா கூப்பிடுறேன் தாயி. ஆனா என்ன வந்திருக்குன்னு போன்ல சொல்ல மாட்டேன். நேர்ல வந்து நீயே படிச்சுக்க. வர்றப்பல்லாம் வீட்டுக்கு வந்து குருவம்மாகிட்டத் தலையைக் காட்டிட்டுப் போயிரணும்."

அதற்குப் பிறகு இரண்டு தடவை கூப்பிட்டார். லேப்பில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு மதினி வந்தார், நான் ஓட்டினேன். முதல் தடவை தனிநபர் கடன் விளம்பரம். அடுத்தது ரீசார்ஜ் முடியப்போகிறது என்று வந்த செய்தி. குருவம்மா அக்கா ரெண்டு தடவையும் மீன்குழம்பு ஊற்றினார்.

இன்று காலை மறுபடி கூப்பிட்டார்.

"தாயி, ஒண்ணு வந்திருக்கு."

"பரிச்சை சம்பந்தமாண்ணே? பெருசா இருக்கா, சின்னதா இருக்கா? அதையாவது சொல்லுங்கண்ணே."

"அதெல்லாம் போன்ல கேக்கக் கூடாதுத்தா" என்று வைத்துவிட்டார்.

மதினி பைக்கில் ஏறி உட்கார்ந்தாயிற்று. நான்தான் இன்னும் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அது என் கையில்தான் இருக்கிறது.