போன வருஷத்துக் கால்

மகளுக்கு இரும்புப் பட்டை வைத்த காலணி வந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அளவு எடுத்துப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. மூட்டை இறக்கும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அங்கே காலணிக்கு அளவெடுப்பவர் அதை அவளுக்கு மாட்டிப் பார்த்தார். குதிகால் உள்ளே இறங்கவில்லை. தொடையில் கட்ட வேண்டிய பட்டை முழங்காலிலேயே இடித்தது.

“சரியா இருக்குப்பா,” என்றாள் மகள். கால்விரல்களை மடக்கிப் பிடித்திருந்தாள்.

“பொய் சொல்லாத கண்ணு, புண்ணாயிடும்,” என்று அவர் கழற்றினார். “வளந்துட்டா அண்ணே. மறுபடி அளவெடுத்து அனுப்பணும்.”

“கைக்கு எட்டினது காலுக்கு எட்டலையே. இனி எப்ப வரும்?”

“இதே மாதிரிதான். ஒரு வருஷமாவது ஆகும்.”

“அப்ப ரெண்டு விரல் சேத்து எழுதுங்க. வர்றதுக்குள்ள வளந்துடுவா.”

“இது என்ன ஸ்கூல் யூனிஃபார்மா, பெருசா தச்சு மடிச்சு விட? பட்டையில இருக்கிற பூட்டு முட்டிக்கு நேரா நிக்கணும். கொஞ்சம் தள்ளிப்போனாலும் விழுந்துடுவா.”

அவர் சொன்னது நியாயம்தான். எனக்குக் கோபம் வரவில்லை. எதுவுமே வரவில்லை.

அவர் அளவு நாடாவைப் பிரித்தார். மகள் காலை இழுத்துக்கொண்டாள்.

“அப்பா, அடுத்த வருஷக் காலை அளக்கச் சொல்லு.”

அவர் சிரித்துவிட்டார். பிறகு தலை குனிந்துகொண்டார். நான் அவள் காலைப் பிடித்து நீட்டிக் கொடுத்தேன். இன்றைய காலின் அளவை எடுத்து அவர் எழுதினார். அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.