எஃகுத் தகட்டில் பன்னிரண்டு சொற்கள்

புதுப் போனில் பன்னிரண்டாவது சொல்லையும் தட்டி முடித்தான் ரப்பர் ஸ்டாம்ப் கடைக்காரன். சிவப்பு எழுத்தில் அதே பதில் வந்தது: இந்தச் சொற்கள் செல்லாது.

இது ஏழாவது முறை.

காலையில் பழைய போன் வாளித் தண்ணீரில் விழுந்து செத்தபோது அவன் அலட்டிக்கொள்ளவே இல்லை. பிட்காயின் சேமிப்பைத் திறப்பது போன் இல்லை, வரிசை மாறாமல் தட்ட வேண்டிய அந்தப் பன்னிரண்டு சொற்கள்தான். அவற்றை எஃகுத் தகட்டில் தன் கையாலேயே வெட்டி அலமாரியில் பூட்டியிருந்தான். வீடே தீப்பிடித்தாலும் இது அழியாது என்று மனைவியிடம் பீற்றிக்கொண்ட தகடு.

அந்தப் பணத்தில் பாதி அக்காவுடையது. தையல் கடை வைக்க அவள் சிறுகச் சிறுகச் சேர்த்தது. முன்பணம் கட்ட நாளை சாயங்காலம்தான் கெடு.

மத்தியானம் அக்கா போன் செய்தபோது பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீ பாத்துக்குவேடா, எனக்கென்ன கவலை?" என்று வைத்துவிட்டாள். அதுதான் அவனை அதிகம் குத்தியது.

சம்பந்தமில்லை என்று தெரிந்தும் நோடைப் போய்ப் பார்த்தான். மை டப்பாக்களுக்கு மேல்தட்டில் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும் பழைய லேப்டாப் அது. உலகத்து பிட்காயின் கணக்கு முழுவதையும் முதல் நாளிலிருந்து தானே சரிபார்க்கும். யார் பேச்சையும் நம்ப வேண்டியதில்லை என்று அவன் மார்தட்டுவது அதை வைத்துத்தான். அது தன் வேலையைச் சமர்த்தாக முடித்திருந்தது.

மனைவி தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வரிக்கு மூன்றாக நான்கு வரிகள்.

"நம்பர் போடலையா?"

"நம்பர் போட்டா திருடனுக்கு வழி காட்டுன மாதிரி ஆயிடும்."

"இப்போ திருடனுக்கும் வழி தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது. நல்ல பூட்டுங்க!"

அவன் சிரிக்கவில்லை. "மேலேர்ந்து கீழயும் படிச்சுப் பாத்துட்டேன். ஒவ்வொரு எழுத்தையும் தடவிப் பாத்துட்டேன்."

டாக்டர் ஒருவரின் ஸ்டாம்ப் பாதியில் கிடந்தது. ஆறு மணிக்கு ஆள் வந்துவிடும். வேறு வழியின்றி கத்தியை எடுத்து ரப்பரை வெட்ட உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்: "நீங்க ஏன் எப்பவும் வலது ஓரத்துலேர்ந்தே ஆரம்பிக்கிறீங்க?"

"ஸ்டாம்ப்னா திருப்பித்தானே வெட்டணும்? அப்பத்தான் தாள்ல நேரா விழும். பதினெட்டு வருஷமா..."

கத்தி நின்றது.

தகட்டை எடுத்தான். அன்றைக்கு எழுத்துகள் நேராக இருக்க வேண்டும் என்பதில்தான் கவனம் முழுக்க. சொற்களின் வரிசையைக் கை தன் பழக்கப்படி வலமிருந்தே தொடங்கிவிட்டது. ஒவ்வொரு வரியிலும் சொற்களை வலமிருந்து இடமாகத் தட்டினான். பச்சை வட்டம் சுற்றியது. பணம் வந்து நின்றது.

மனைவி பெருமூச்சு விட்டாள். அவனுக்கோ சந்தோஷத்தைவிட வெட்கம்தான் வந்தது. யாரையும் நம்பாமல் சரிபார்க்க ஒரு கருவியையே ஓட்டுகிறவன், தான் வெட்டிய தகட்டை அன்றைக்கே ஒரே ஒரு முறை படித்துத் திறந்து பார்த்திருந்தால் போதுமே!

அக்காவைக் கூப்பிட்டு, வாளியிலிருந்து தகடு வரைக்கும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான்.

"ஏன்டா, மத்தியானமே சொல்லல?"

"நீ கேக்கலையே."

"கேட்டா உன்னைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடாதா?"

"இனிமே சந்தேகப்படுக்கா. புதுத் தகடு வெட்டப்போறேன். நாளைக்குக் காலைல வா. நான் வெளிய நிக்கிறேன், நீயே படிச்சுத் திறந்து காட்டணும். திறந்தாத்தான் அது தகடு."

பின்னாலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்: "நம்பர் போடச் சொல்லுங்க அண்ணி!"

அக்கா சிரித்துவிட்டாள். "காதுல விழுந்துச்சாடா?"

"விழுந்துச்சு, விழுந்துச்சு."

புதுத் தகட்டை மேசையில் வைத்தான். கை வலப்பக்கம் போகத் துடித்தது. இழுத்துப் பிடித்து, இடது ஓரத்தில் முதலில் ஒரு '1' வெட்டினான்.