சக்கரத்தில் ஏற மறுத்தவன்

மர்டோ என்னைத் தன்னோடு வந்து வாழச் சொல்லி மூன்று வாரமாகியிருந்தது. கால்வாயின் பதினாறாம் மதகருகே அவன் வீடு. இரண்டே அறை. முதலில் என் தம்பியைப் பார் என்றுதான் சொல்லியிருந்தேன்.

தம்பி ஸ்ட்ரூயனுக்கு நாற்பத்தாறு வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். அம்மா போனதிலிருந்து என்னோடு இருக்கிறான். அவனில்லாமல் நான் எங்கும் போவதாயில்லை. இதை மர்டோவிடம் எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை மூவரும் வெளியூர்க்காரர்களைப் போல எங்கள் ஊர் ஃபால்கர்க்கைச் சுற்றினோம். காலையில் கால்வாய்க் கரையில் நிற்கும் இரண்டு பெரிய இரும்புக் குதிரைத் தலைச் சிலைகள். ஸ்ட்ரூயன் இரண்டுக்கும் தனித்தனியாகக் காலை வணக்கம் சொன்னான். பிறகு படகுகளைத் தண்ணீர்த் தொட்டியோடு தூக்கி மேல் கால்வாயில் சேர்க்கும் பெரிய சக்கரம். இந்த ஊரிலேயே பிறந்தும் நான் அதில் ஏறியதில்லை. ஊர்க்காரர்கள் யார்தான் ஏறுகிறார்கள்?

படகின் வாசலில் ஸ்ட்ரூயன் நின்றுவிட்டான். பள்ளியில் பிள்ளைகள், இவன் ஏறினால் பஸ் சாய்ந்துவிடும் என்பார்கள். அதை அவன் மறக்கவேயில்லை.

"நான் கனம். சக்கரம் உடைஞ்சிரும்."

வழக்கம்போல அவன் கையைப் பிடித்து இழுக்கப் போனேன். அந்தக் கால்வாயிலேயே இருபது வருடம் வேலை பார்த்த மர்டோ, படகின் விளிம்பில் நிதானமாக உட்கார்ந்தான்.

"உடையாது, பெரிய மனுஷா. நீ ஏறுனா உன் எடைக்குத் தண்ணி தானா ஒதுங்கிப் போயிடும். தொட்டியோட கனம் எப்பவும் ஒண்ணுதான்."

"அக்கா ஏறுனா?"

"அப்பவும் போகும். கொஞ்சம் கூடுதலா."

ஸ்ட்ரூயன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே ஏறிவிட்டான்.

சக்கரம் சத்தமில்லாமல் எங்களைத் தூக்கியது. தூரத்து மலைகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. மேலே போனதும் படகு, பழைய ரோமானியச் சுவருக்கு அடியில் குடைந்த சுரங்கத்துக்குள் நுழைந்தது. அந்த மங்கிய வெளிச்சத்தில் மர்டோவின் குரல் கேட்டது. பேச்சு என்னிடமில்லை.

"பெரிய மனுஷா, பின்னறையைக் காலி பண்ணிட்டேன். தூண்டில், வலை எல்லாம் கொட்டகைக்குப் போயிடுச்சு. உன் கட்டிலை ஜன்னல் பக்கம் போடவா, சுவர் பக்கமா?"

நான் இன்னும் கேட்டிருக்கவேயில்லை. ஸ்ட்ரூயன் வெகுநேரம் யோசித்தான்.

"ஜன்னல். படகு பாக்கலாம்." பிறகு கேட்டான்: "அக்கா எங்க படுப்பா?"

முன்வரிசையில் யாரோ இருமினார்கள். வெளிச்சத்துக்கு வந்தபோது மர்டோவின் காதுகள் சிவந்திருந்தன.

திரும்பும் வழியில் ஸ்ட்ரூயன் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தான். தினமும் காலையில் அவனே செய்வது, எனக்கொன்று அவனுக்கொன்று, பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி. இன்றும் இரண்டுதான். மர்டோவைப் பார்த்தான், டப்பாவைப் பார்த்தான். தன்னுடையதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னுடையதை எடுத்து மர்டோவிடம் நீட்டினான்.

"அக்காவோடது. நீங்க சாப்பிடுங்க."

மர்டோ மறுக்காமல் வாங்கி, இரண்டாகப் பிய்த்தான். காய்ந்த ஓரம் இருந்த பாதி எனக்கு வந்தது.