நன்றியுரைக்கு மிஞ்சிய காற்று

நகர மன்ற அரங்கில் யாராவது மைக் முன்னால் வாயைத் திறந்தால், இரண்டு தெரு தள்ளியிருந்த பொது மருத்துவமனையில் ஆக்சிஜன் குறைந்தது. ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு. நல்ல வார்த்தை, வெட்டி வார்த்தை, ஊரைத் திறக்கச் சொன்ன வார்த்தை, மூடச் சொன்ன வார்த்தை என்ற பாகுபாடெல்லாம் அதற்குக் கிடையாது. தொற்றின் இரண்டாம் வருடத்தில் நடந்தது இது. அப்போது யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை, ஆச்சரியப்பட நேரம் இருந்தவர்கள் எல்லாரும் அரங்கில் இருந்தார்கள்.

அரங்கில் இருந்ததற்குக் காரணம் உண்டு. ஐந்து பேருக்கு மேல் எங்கேயும் கூடக் கூடாது என்று உத்தரவு. கட்டுப்பாடுகளைத் தளர்த்தலாமா வேண்டாமா என்று விவாதிக்க மட்டும் எத்தனை பேர் வேண்டுமானாலும் கூடலாம் என்று அதே உத்தரவின் கடைசி வரி சொன்னது. பிறகு கேட்பானேன். மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஊர் முழுக்கக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு விவாதத்துக்கு வந்தது. மின்விசிறி ஓடியது, டீ கிடைத்தது, நாலு முகம் பார்க்க முடிந்தது. சொல்ல ஒன்றும் இல்லாதவர்களும் பேசுவதற்குப் பெயர் கொடுத்தார்கள். கூட்டம் ஒருநாளில் முடியவில்லை. வாரம் தாண்டியும் ஓடியது.

பெண்கள் வார்டு நர்ஸ்தான் முதலில் பார்த்தவள். வார்டு மேசையில் யாரோ போனில் கூட்டத்தை நேரலையாக ஓடவிட்டிருந்தார்கள். பேசுகிறவர் தொடங்கினார், வார்டுச் சுவரில் இருந்த ஆக்சிஜன் அழுத்தமானியின் முள் இறங்கியது. அவர் தண்ணீர் குடித்தார், முள் நின்றது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பிடித்தார், முள் மறுபடி இறங்கியது. அவள் போனை அணைத்துப் பார்த்தாள், பலனில்லை. போனிலா இருக்கிறது கோளாறு. அதிகமாகக் காற்றைத் தின்றது வாதம்கூட இல்லை, வாதத்துக்கு முன்னால் வரும் வணக்கம். பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் துணைத்தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் சிறப்பாகப் பேசி அமர்ந்திருக்கும் அண்ணன் அவர்களே, எனக்குப் பின்னால் சிறப்பாகப் பேசக் காத்திருக்கும் தம்பி அவர்களே என்று ஒருவர் சுற்றி வந்து விஷயத்தைத் தொடுவதற்குள் வார்டில் யாருக்காவது உதடு நீலம் பாரித்திருக்கும்.

தலைமை மருத்துவர் நகர மன்றத் தலைவருக்குப் போன் போட்டு, இப்படி இருக்கிறது, பேச்சை நிறுத்துங்கள் என்றார். தலைவர் நல்ல மனிதர், அதாவது எல்லாரிடமும் நல்ல பெயர் வாங்கத் தெரிந்தவர். "நியாயமான கோரிக்கைதான் டாக்டர். நேரில் வந்து தீர்மானமாக் கொண்டுவாங்க, விவாதிச்சுடலாம்" என்றார். மருத்துவர் போனார். படித்தவர், புள்ளிவிவரத்தோடு பேசினார், படுக்கை எத்தனை, சிலிண்டர் எத்தனை, ஊரைத் திறந்தால் என்ன ஆகும் என்று அருமையாகப் பேசினார். கேட்டவர்களில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர் திரும்பி வந்தபோது கதவோரப் படுக்கையில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் தலையாட்டலைத் தாண்டிப் பதில் சொன்னதில்லை. அவர் கொண்டுபோன தீர்மானத்தின் மீது, அதாவது பேச்சை நிறுத்தலாமா என்பதன் மீது, அரங்கு மூன்று நாள் பேசியது.

ஜன்னலோரப் படுக்கையில் நர்ஸின் தங்கை கிடந்தாள். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற பெண். அத்தியாவசியக் கடை என்று அதை மூடாமல் வைத்திருந்தார்கள். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, பிஸ்கட் பாக்கெட்டில் விலை சரியாகப் போட்டிருக்கிறதா என்று மூஞ்சிக்கு நேரே வந்து கேட்ட அத்தியாவசியமான யாரோ ஒருவர் அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனது அந்தத் தொற்று. நுரையீரலுக்கு வசதி என்று குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். அக்கா வந்தால் கண்ணால் மட்டும் சிரிப்பாள்.

நர்ஸின் கணவன் தையல்காரன். தையல்காரர்கள் சங்கத்தில் அவன் குரல்தான் கணீரென்று இருக்கும், அதனால் கடைசி நாள் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் பேச அவனைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவனுக்கும் பேச விஷயம் இல்லாமல் இல்லை. கடையில் பள்ளிக்கூடச் சீருடைகள் வெட்டியபடி தைக்காமல் கிடந்தன. மிஷினில் எலி பெல்ட்டைத் தின்றுவிட்டது. காலையில் அவன் கண்ணாடி முன்னால் பேசிப் பழகிக்கொண்டிருந்தபோது அவள் இரவு வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"இன்னைக்குப் பேசாதீங்க."

"என்ன விளையாடுறியா? அளவு எடுத்த பிள்ளைங்கெல்லாம் அந்தச் சட்டைக்குள்ள நுழைய முடியாத அளவுக்கு வளந்துடுச்சுங்க. கடையை மூடுன்னீங்க, மூடினேன். இப்ப வாயையும் மூடணுமா?"

"ஆமா."

"மூடணும்னு சொல்றவன் மட்டும் பேசலாமா?"

"அவனும் பேசக் கூடாது. எந்த நாயும் பேசக் கூடாது. அவளால முடியலைங்க. நேத்து அந்த ஜிம்காரன் தசையைப் பத்திப் பேசினப்ப அவ விரலெல்லாம் சில்லிட்டுப் போச்சு."

அவன் சீப்பை வைத்தான். "என்ன சொன்னா?"

"மாமா கூட்டத்துல பேசப் போறாராமே, டிவில வருவாரான்னு கேட்டா. அதுக்கே அவளுக்கு அவ்வளவு நேரம் ஆச்சு."

அவன் போனான். பெயர் கூப்பிட்டார்கள், ஏறினான், மைக் முன்னால் நின்றான், பேசவில்லை. தலைவர் அவர்களே என்றுகூடச் சொல்லவில்லை. முதலில் சபைக் கூச்சம் என்று நினைத்தார்கள். பிறகு அரங்கு முழுக்க ஒரு அமைதி வந்தது, அத்தனை நாளில் முதல் அமைதி. மின்விசிறிச் சத்தம் கேட்டது. இரண்டு தெரு தள்ளி முள் மேலே ஏறியது. வார்டில் ஒவ்வொருத்தராக உடம்பை நிமிர்த்தினார்கள். தங்கை தானாகத் திரும்பிப் படுத்து, தாகமாக இருக்கிறது என்றாள், முழு வாக்கியமாக. வீட்டிலிருந்து மறுபடி வந்து தங்கையோடு இருந்த நர்ஸ், டம்ளரை எடுத்துக்கொண்டு கீழ்த்தளக் குழாய்க்கு ஓடினாள். அவன் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றிருந்தால் போதும். அவனுக்கு அது தெரிந்திருந்தது, மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பேசத் தெரியாதவனை ஏன்யா ஏத்தினீங்க?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். பக்கத்திலிருந்தவன், "பொண்டாட்டி வீட்ல பேச விடமாட்டாபோல, இங்க வந்தும் பழக்கம் போகல" என்றான். அரங்கே சிரித்தது. சிரிப்பும் காற்றில்தான் ஆகிறது. உங்களுக்கான நேரம் முடிந்தது என்று தலைவர் மணியடித்தார். படிப்படியாகத் தளர்த்துவது என்று கையைத் தூக்கித் தீர்மானம் நிறைவேற்றினார்கள். அதோடு எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். உலகத்தில் எல்லாரும் அதோடு எழுந்து வீட்டுக்குப் போவார்கள். இந்த ஊரில் போக மாட்டார்கள், ஏனென்றால் நன்றியுரை இருக்கிறது.

செயலாளர் வந்தார். தலைவருக்கு நன்றி, துணைத்தலைவருக்கு நன்றி, மைக் செட்டுக்கு நன்றி, டீக்கு நன்றி, டீ ஆறாமல் பார்த்துக்கொண்டவருக்கு நன்றி, பேசியவர்களுக்கு நன்றி, பேசாமல் நின்ற தையல்காரத் தம்பிக்கும் நன்றி. தையல்காரன் மேடைக்கு ஓடி மைக் ஒயரைப் பிடுங்கினான். அவன் செய்த தப்பு அது ஒன்றுதான். மைக் இல்லாத செயலாளர் அடிவயிற்றிலிருந்து குரல் எடுத்தார், அதற்கு இரண்டு மடங்கு காற்று பிடித்தது. இறுதியாக, தங்கள் உயிரைப் பணயம் வைத்து நம் உயிரைக் காக்கும் மருத்துவமனைச் செவிலியர்களுக்கு என்று சொல்லி, எல்லாரும் எழுந்து நின்று கைதட்டும்படி கேட்டுக்கொண்டார். தட்டினார்கள், மனம் நிறைந்து, கை சிவக்கச் சிவக்கத் தட்டினார்கள். இரண்டு தெரு தாண்டியும் அந்தச் சத்தம் கேட்டது. நர்ஸ் டம்ளரோடு திரும்பி வந்தபோது முள் அடியில் படிந்திருந்தது. தங்கையின் வாய் தண்ணீருக்காகத் திறந்தபடியே இருந்தது.

இரங்கல் கூட்டம் போடலாம் என்று தலைவர் ஆள் அனுப்பினார். நர்ஸ் அந்த ஆளின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். அவளை விட்டுவிட்டுக் கூட்டம் போட்டார்கள், அதில் வார்டில் இன்னும் இரண்டு பேர் செத்துப்போனார்கள். கடைகள் திறந்தன. தையல்காரன் சீருடைகளைப் பிரித்து, அகலம் கூட்டித் தைத்தான். சங்கத்திலிருந்து வந்து தோளில் கைபோட்டவர்களிடம் நாடாவை நீட்டி அளவெடுத்தான். நாலைந்து வருடத்தில் தொற்று ஓய்ந்தது. அரங்குக்கும் மருத்துவமனைக்கும் இருந்த தொடர்பு ஓயவில்லை. மழைநீர் வடிகால், தெருவிளக்கு, தெருநாய் என்று எதைப் பற்றிப் பேசினாலும் முள் இறங்கியது. மன்றம் அதை மறைக்கவில்லை, மறுக்கவும் இல்லை. அரங்கின் நேரத்தை அனுசரித்து நோயாளிகளை அனுமதிக்குமாறு மருத்துவமனைக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. மருத்துவமனையும் அனுசரித்தது. ஊரும் பழகிக்கொண்டது. வீட்டில் யாருக்காவது மூச்சு வாங்கினால் ஆம்புலன்ஸ்காரரைக் கூப்பிட்டு, இன்னைக்கு யாரு பேசுறாங்க என்று கேட்பார்கள். செயலாளர் என்றால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு மறுநாள் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். கூட்டம் இல்லாத நாளில் ஆம்புலன்ஸ்காரரே வாசலில் வண்டியை நிறுத்தி, "யாரும் பேசல, சட்டுனு ஏறுங்க" என்பார். ஏறுவார்கள்.