இடது பக்கத் தழும்பு

கிணற்றுப் படியேறி வந்த மோகன்குமாரின் ஈரத் துண்டு இடுப்பை விட்டுக் கொஞ்சம் நழுவியிருந்தது. அப்புசாமியின் கண் அங்கேயே நின்றுவிட்டது. மோகன்குமாருக்குப் பேசியிருந்த பெண்ணுக்கு அவர் தாய்மாமன். வெள்ளகோவிலிலிருந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர், கறிச்சோறு ஆவதற்குள் ஒரு நீச்சல் போட்டுவிடலாம் என்று அவராகத்தான் மோகன்குமாரைக் கிணற்றுக்கு இழுத்துவந்தார். மாப்பிள்ளையின் அடிவயிற்றில், தொடை சேரும் இடத்துக்குச் சற்று மேலே, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு தழும்பு. இன்னும் சிவப்பு மாறவில்லை.

"இது என்னங் மாப்ள?"

"குடல்வால் ஆபரேசனுங்க மாமா."

வீட்டில் சொல்லிக்கொடுத்து வைத்திருந்த பதில். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒப்பித்துவிட்டுத் துண்டை மேலே இழுத்துக்கொண்டான். அப்புசாமி குனிந்து தன் வயிற்றை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அவருக்கும் குடல்வால் எடுத்திருந்தது. வலது பக்கம். மாப்பிள்ளைக்கோ தழும்பு இடது பக்கம்.

பத்தாவது முடித்ததிலிருந்து பல்லடத்தில் அப்பாவின் விசைத்தறிக் கொட்டகையில் நின்றபடியே வேலை பார்த்தவன் மோகன்குமார். பொழுது சாயும்போது இடது விரையில் ஒரு கனம் வந்து இழுக்கும். தொட்டால் நூல் சிக்கு விழுந்தது போல உள்ளே நெளிநெளியாக இருக்கும். படுத்தால் அடங்கிவிடும். யாரிடம் சொல்வது? சிநேகிதர்களிடம் சொன்னால் சாகும்வரை பட்டப்பெயர் போகாது. பேருந்து நிலையச் சுவரில் லாட்ஜ் வைத்தியரின் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. இளமையில் செய்த தவறுகளுக்கு இங்கே தீர்வு என்று போட்டிருந்ததைப் படித்து, தன் தவறுக்குக் கிடைத்த தண்டனை இது என்றே நம்பி, இரண்டு வருடம் லேகியமும் தின்றான்.

கடைசியில் வலி பொறுக்காமல் கோயமுத்தூருக்குப் போனபோது, அந்த டாக்டர் சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. "தறிக்காரங்களுக்குக் கால்ல நரம்பு சுருட்டிக்கிறதப் பாத்திருப்பீங்கல்ல தம்பி? அதே சங்கதிதான், எடந்தான் வேற. ரத்தம் மேல ஏறாமத் தேங்கி நிக்குது. நீங்க பண்ணின எதனாலயும் இது வரல" என்றார். வயசுப் பையன்களில் பலருக்கும் இது உண்டாம். முக்கால்வாசிப் பேருக்கு இறுக்கமான ஜட்டியும் கொஞ்சம் ஓய்வுமே போதுமாம். இவனுக்கு வலியும் இருக்கிறது, அந்தப் பக்கம் சிறுத்தும் வருகிறது, அதனால் அடிவயிற்றில் சின்னதாக வெட்டி அந்த நரம்பைக் கட்டிவிடுவது நல்லது, நாளைக்குப் பிள்ளை பிறப்பதற்கும் அதுதான் நல்லது என்றார். மோகன்குமாருக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை வருடம் தன்னையே திட்டிக்கொண்டதெல்லாம் வீண் என்று தெரிந்தால் யாருக்குத்தான் வராது.

ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது. வீடு திரும்பும்போது அவன் அப்பா சென்னிமலை, யார் கேட்டாலும் குடல்வால் என்று சொல்லச் சொன்னார். அந்த உறுப்பின் பெயரை நாலு பேர் முன்னால் சொல்ல அவருக்கு நாக்கு எழாது. வெட்டுக்கு இடது வலது உண்டு என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

அப்புசாமி இரண்டு தரம் கறி வாங்கிச் சாப்பிட்டு, வாய் நிறையச் சிரித்துவிட்டுத்தான் கிளம்பினார். போகிற வழியில் டீக்கடையில் விசாரித்தார். இடுப்புக்குக் கீழே ஆபரேசன், வீட்டில் மறைக்கிறார்கள் என்ற இரண்டு இழைதான் அவர் கொடுத்தது. மீதியை டீக்கடை நெய்துகொண்டது. அந்த மாதம்தான் ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் என்று ஜீப் வந்து கத்திவிட்டுப் போயிருந்தது. பணமும் பிளாஸ்டிக் வாளியும் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில், மோகன்குமார் வாளிக்கு ஆசைப்பட்டு நரம்பை வெட்டிக்கொண்டான் என்று ஊரே பேசியது. கல்யாணம் ஆகாதவனுக்கு அதை எவன் செய்வான் என்று கேட்க ஒரு நாதி இல்லை.

வெள்ளகோவிலிலிருந்து ஜாதகம் மறுபடி பார்த்ததில் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். மோகன்குமாருக்கு மைனாவதியின் முகம் நினைவுக்கு வந்தது. பெண் பார்க்கப் போன அன்றைக்குக் காப்பி கொடுக்க வந்தவள், தறிச்சத்தம் ஊட்டுக்குள்ளயும் கேக்குங்களா என்று ஒன்றே ஒன்று கேட்டாள். பழகினால் அது நின்றால்தான் தூக்கம் கலையும் என்று இவன் சொன்னதற்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை விட்டுவிட அவனுக்கு மனமில்லை. அப்புசாமியை டாக்டரிடமே கூட்டிப்போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அப்பாவிடம் கெஞ்சினான்.

சென்னிமலை தட்டிலிருந்து கையை எடுத்தார். "விரையில நோவுன்னு சொல்லச் சொல்றியா? அதுக்கு ஊரு பேசறதே தேவலாம். கட்டுப்பாடுன்னா காசுக்கு ஆசப்பட்டான்னு போயிரும். இதச் சொன்னா என்ற பையன் ஆம்பளையே இல்லீன்னு ஆயிரும்."

சாதம் போட வந்த அம்மா கருப்பாத்தாள் கரண்டியோடு அப்படியே அடுப்படிக்குத் திரும்பினாள். அந்த வீட்டில் அவனுக்காகப் பேச ஆள் இல்லை என்பது அன்றைக்கு அவனுக்கு வெட்டவெளிச்சமாகிவிட்டது.

தனியாகவே வெள்ளகோவிலுக்குப் பஸ் ஏறினான். அப்புசாமி தன் கடை வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஒரு சோடா கூட உடைத்துக் கொடுத்தார்.

"நெசமாவே இருக்கட்டுங் தம்பி. பொறகு எதுக்கு என்ற மொகத்தப் பாத்துக் குடல்வாலுன்னு சொன்னீங்க?"

மோகன்குமார் பாதி குடித்த சோடாவைக் கடைப் பலகையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தான். தை மாதம் மைனாவதிக்குக் காங்கயத்தில் கல்யாணம் ஆனது. அதன்பிறகு பல்லடத்துப் பக்கம் எந்தத் தரகரும் இவன் ஜாதகத்தைக் கையில் வாங்கவில்லை.

மறுபடி முகாம் ஜீப் வந்துபோன வாரம், வேலன் கொட்டகைக்கு வந்தார். பக்கத்துத் தெருவில் தறிக்கு நீளவாட்டு நூலான பாவு ஓட்டுகிறவர். மூன்று பெண் குழந்தைகள். கரண்ட் போய்த் தறிகள் நிற்கும்வரை வாசலிலேயே காத்திருந்துவிட்டு, உள்ளே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"வலிக்குங்களா தம்பி?"

மோகன்குமாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. நான் அதைச் செய்துகொள்ளவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் வேலன், தன் மனைவி உடம்பில் ரத்தமே இல்லை, அவளுக்கு ஆபரேசன் ஆகாது என்று நர்சம்மா சொல்லிவிட்டதாகச் சொன்னார். இன்னொரு பிரசவம் என்றால் அவள் தங்கமாட்டாளாம். கேட்டுத் தெரிந்துகொள்ள இந்த ஊரில் வேறு ஆண்பிள்ளை யார் இருக்கிறார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

மோகன்குமார் தறியின் மேல் படிந்திருந்த பஞ்சைக் கொஞ்ச நேரம் விரலால் ஒதுக்கினான்.

"ஒரு வாரத்துக்கு இழுக்குமுங்ணா. இறுக்கமா ஜட்டி போட்டுக்குங்க, பாரம் தூக்காதீங்க. பொறகு ஒண்ணும் தெரியாதுங்க."

வேலனின் முகம் தெளிந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்காச்சும் மூணு புள்ளைங்க இருக்குதுங்க. ஒண்ணுமே இல்லாம நீங்க துணிஞ்சிட்டீங்களே."

கரண்ட் வந்தது. தறிகள் எல்லாம் ஒன்றாக அடிக்கத் தொடங்கின. வேலன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், உதடு அசைவது மட்டும் தெரிந்தது. மோகன்குமார் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே, அறுந்து தொங்கிய ஓர் இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டான்.